ஊழியம் என்றால் என்ன?

போன கிழமை உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், பிள்ளையள் வாசிக்கிறதே இல்லை. நாங்கள் என்ன செய்யிறது?"

அந்த இடத்தில் நான் மறுமொழி சொல்லவில்லை. வாசிக்காத பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள், அவர்களைச் சமாளிக்க நீங்களும் பழகிக்கொள்வீர்கள். என்னுடைய சேவைக்காலத்தில் என்னை மிகவும் பயப்படுத்தியது நன்றாக வாசித்த ஒரு பிள்ளை. புதிதாக வந்திருக்கும் உதவி விரிவுரையாளர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்றைக்கோ நாளைக்கோ அப்படி ஒரு விடைத்தாள் உங்கள் மேசைக்கும் வரும்.

அவளைத் தர்சினி என்று வைத்துக்கொள்வோம். பண்டத்தரிப்பில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிற குடும்பம். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவள் அவள். வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தாள். விரிவுரையில் முன்வரிசையில் இருப்பாள், ஒரு சொல் விடாமல் எழுதுவாள், கேள்வி மட்டும் கேட்கமாட்டாள். அப்படியான பிள்ளைகளை நாங்கள் 'நல்ல பிள்ளை' என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுகிறோம்.

இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்து விடைத்தாள்கள் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரு காலையில் எங்கள் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர் என் அறைக்குள் வந்து, ஒரு விடைத்தாளையும் ஒரு புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"மேடம், வாசிச்சுப் பாருங்கோ. ஒரு சொல்லும் மாறேல்லை."

வாசித்தேன். ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தின் ஊழிய முறை பற்றிய கேள்வி. விடை பக்கம் பக்கமாகப் புத்தகத்தோடு ஒத்துப்போனது. காற்புள்ளிகூட மாறவில்லை.

"பாடமாக்கியிருக்கலாம்," என்றேன்.

"உந்த வரியைப் பாருங்கோ."

அந்தப் புத்தகத்தில் ஒரு அச்சுப்பிழை இருந்தது. ஒரு பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்தின் முதல் வரியாகத் திரும்பவும் அச்சாகியிருந்தது. விடைத்தாளிலும் அந்த வரி இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது.

"தலைக்குள்ளை இருந்து எழுதிற ஆள் ஒரு வரியை ரெண்டு தரம் எழுதுமோ? முன்னாலை தாளை வைச்சுப் பாத்து எழுதினால்தான் உப்பிடி வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். அவர் கெட்ட மனிதரும் அல்ல. திருத்துவதில் நேர்மையானவர், களவைக் கண்டால் பொறுக்காதவர். விடயம் பரீட்சைக் குற்ற விசாரணைக்குப் போனது. குழுவில் மூன்று பேர். தலைவராக ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஒரு பேராசிரியர், முறைப்பாடு செய்த அந்த விரிவுரையாளர், நான். குற்றம் உறுதியானால் அவளுக்குப் பரீட்சை எழுதத் தடை வரும். சிறப்புப் பாடம் போய்விடும். வீட்டுக்கும் எழுத்தில் அறிவிப்பார்கள். அப்படிப் போன பிள்ளைகளில் திரும்பி வந்து படிப்பை முடித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

விசாரணை அன்று அவள் கதிரையின் நுனியில் இருந்தாள். தலைவர் கேட்ட எல்லாவற்றுக்கும் இரண்டே மறுமொழிதான்.

"நான் பாக்கேல்லை, சேர்."

"அப்ப உது எப்பிடி வந்தது?"

"படிச்சனான், சேர்."

"படிச்சால் அச்சுப்பிழையுமோ வரும்?"

அச்சுப்பிழை என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பயந்த முகத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. களவெடுத்தவனும் பயப்படுவான், எடுக்காதவனும் பயப்படுவான்.

தலைவர் இரக்கத்தோடுதான் சொன்னார்: "பிள்ளை, ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும். நாங்களும் எழுதி உதவி செய்வம். இதிலை கையெழுத்து வையும்."

தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனையை எடுத்தாள். எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"கையெழுத்து வைச்சால் அப்பாவுக்குச் சொல்லாமல் விடுவியளோ?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. ஒரு குற்றவாளி 'எவ்வளவு தண்டனை' என்று கேட்பான். இவள் வீட்டைத்தான் நினைக்கிறாள். வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமென்றால் செய்யாததையும் ஒத்துக்கொள்ளப்போகிறாள். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒருவரையும் விசாரியாமல் ஒரு சனத்தையே வெளியே போ என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை 1990இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவசரமாகக் கொடுக்கப்படுகிற தீர்ப்பு எதையும் என்னால் நம்ப முடிவதில்லை.

"பேனையை வையும் பிள்ளை," என்றேன்.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சேர், பாடமாக்கினது எண்டு இவ சொல்லுறா. அப்ப சொல்லிக் காட்டட்டும். கேள்வியிலை வராத பக்கத்திலை இருந்து துவங்கட்டும்."

தலைவர் என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார்: "யோசிச்சோ கதைக்கிறீர்? இந்தப் பயத்திலை அவள் தடுமாறினால் அதுவே சாட்சியாய்ப் போயிடும். பிறகு உம்மாலையும் காப்பாத்தேலாது."

அவர் சொன்னது உண்மை. நீங்கள் பின்னால் இந்த மாதிரிக் கதிரைகளில் இருக்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள். உதவி செய்ய நினைத்து நாங்கள் வைக்கிற சோதனையே ஒரு பிள்ளையின் கழுத்துக்குக் கயிறாகலாம். நான் அவளைப் பார்த்தேன். வைக்கச் சொன்ன பேனையை இன்னும் கையில் பிடித்திருந்தாள். இந்த நிலையில் என்னைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்லத் தெரியும்.

"நீர் வீட்டிலை எப்பிடிப் பாடமாக்கிறனீர்?" என்று கேட்டேன்.

"நடந்து."

"எங்கை நடந்து?"

"தோட்டத்திலை, வரம்பிலை. இருந்துகொண்டு எனக்குச் சொல்ல வராது, மேடம்."

"அப்ப எழும்பும். இஞ்சை நடவும்."

அவள் செருப்பைக் கழற்றிக் கதவடியில் வைத்துவிட்டு, யன்னலுக்கும் அலுமாரிக்கும் இடையில் நடக்கத் தொடங்கினாள். முதல் தரம் போய் வந்தபோது சத்தமே வரவில்லை. இரண்டாவது தரமும் இல்லை. இளம் விரிவுரையாளர் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது தரம் யன்னலடியில் திரும்பும்போது அவளுடைய உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது.

ஆறு கரைபுரண்ட மாதிரி வந்தது. அதிகாரத்தின் தலைப்பு, முதல் வசனம், இரண்டாவது வசனம், அடைப்புக்குறிக்குள் இருந்த வருடங்கள், எல்லாம் வந்தன. விரிவுரையாளரின் விரல் வரிக்கு வரி நகர்ந்தது. பக்கங்கள் கடந்து, அச்சுப்பிழை இருந்த பக்கத்தின் முடிவுக்கு வந்தாள். கடைசி வரியைச் சொன்னாள். அலுமாரியடியில் திரும்பினாள். மூச்சு எடுத்துவிட்டு, அதே வரியைத் திரும்பவும் சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குள் போனாள்.

விரிவுரையாளர் புத்தகத்தை மூடினார். "காணும், போதும்," என்றார்.

தலைவர் கையெழுத்து வைக்கச் சொன்ன தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "குற்றம் இல்லை," என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டேன். அவள் செருப்பைப் போடக் குனிந்தபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். ஒரே வரியை இரண்டு தரம் சொல்லியும் அவளுக்கு அது உறுத்தவில்லையே என்பதுதான் என் மனதில் இருந்தது.

"தர்சினி, ஊழியம் எண்டால் என்ன?"

நிமிர்ந்து பார்த்தாள். "அது... வேலை, மேடம். அரசாங்க உத்தியோகம். சம்பளத்துக்குச் செய்யிறது."

ஒல்லாந்தர் கால ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. இன்ன இன்ன சனம் வருடத்தில் இத்தனை நாள் தங்கள் தோட்டத்தை விட்டுவிட்டு வந்து கோட்டைக்குக் கல் சுமக்கவேண்டும் என்பது மாதிரி. இன்றைக்கு நாங்கள் ஊழியர் என்று சொல்கிற அர்த்தத்தில் அவள் அந்தச் சொல்லை எடுத்திருந்தாள். ஒரு அதிகாரம் முழுவதையும் காற்புள்ளியோடு தலைக்குள் வைத்திருந்தவளுக்கு அந்த அதிகாரம் எதைப் பற்றியது என்று தெரிந்திருக்கவில்லை.

அதை நான் அவளுக்கு விளக்கியதும், களவு என்று சொன்னபோது அழாதவள் அழுதாள். "எனக்கு விளங்கேல்லை எண்டது எனக்கே தெரியாது, மேடம்," என்றாள்.

குழு முடிவெடுத்தது: தண்டனை இல்லை, ஆனால் விடைக்குப் புள்ளியும் இல்லை, மீள்பரீட்சை எழுதலாம். அதில் சித்தியடைந்தால்தான் சிறப்புப் பாடத்தைத் தொடரமுடியும். அந்தப் பரீட்சைவரைக்கும் அவளைப் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்தேன்.

அவளுடைய போட்டோக்கொப்பிகளைக் கொண்டுவரச் சொன்னேன். பக்கம் முழுக்க மஞ்சள். ஹைலைற்றர் படாத வரியைத் தேடவேண்டியிருந்தது. ரியூட்டரி என்கிற தனியார் வகுப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்: முக்கியமானதுக்குக் கோடு போடு, கோடு போட்டதைப் பாடமாக்கு. உயர்தரப் பரீட்சையில் அதற்கு நல்ல பெறுபேறும் கிடைத்திருந்தது. ஆகவே அவள்மீது பிழை சொல்லவேண்டாம். எங்களுடைய பரீட்சைகளே பலகாலம் அதற்குப் பரிசு கொடுத்து வந்தன.

முதல் நாள் சில பக்கங்களை வாசிக்கக் கொடுத்து, புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "இவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன். அவள் ஒப்புவிக்கத் தொடங்கினாள்.

"அவரின்ரை வசனம் வேண்டாம். உம்மடை வசனத்திலை."

புத்தகத்தைத் திறக்கக் கையைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "என்ரை வசனத்திலை சொன்னால் பிழையாய்ப் போகாதோ?"

"பிழைக்கட்டும். பிழைச்ச இடத்தைத்தான் நான் பாக்கோணும்."

அப்படித்தான் தொடங்கினோம். புத்தகத்தைத் திறப்பதற்கு முதல், தலைப்பை மட்டும் பார்த்து, இதிலிருந்து எனக்கு என்ன தெரியவேண்டும் என்று ஒரு கேள்வி எழுதுவாள். ஒரு பகுதியை வாசித்து மூடிவிட்டு, விளங்கியதைத் தன் பேச்சில் சொல்வாள். திரும்பத் திறந்து விடுபட்டதைப் பார்ப்பாள். ஹைலைற்றரை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். அதற்குப் பதிலாக ஓரத்தில் பென்சிலால் 'ஏன்?' என்றோ 'யார் சொன்னது?' என்றோ எழுதலாம். சில நாட்கள் கழித்து வரும்போது, குறிப்பைப் பார்க்க விடாமல் பழையதைக் கேட்பேன். பாதி மறந்திருக்கும். அந்தப் பாதியை மட்டும் திரும்ப வாசிப்பாள். அப்படிச் சிரமப்பட்டு எடுத்தது பிறகு இலகுவில் போகாது. ஒரே விடயத்தை இன்னொரு ஆசிரியர் எப்படிச் சொல்கிறார் என்று பக்கத்தில் வைத்தும் பார்க்கச் சொன்னேன்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்ப இவைக்குக் கூலியே குடுக்கேல்லையோ? மழைக்காலத்திலையும் கூப்பிட்டிருக்கினமே. வெங்காயம் நட்டிருந்தால் அது அழுகியிருக்குமே!" என்று கோபப்பட்டாள். புத்தகத்தில் வெங்காயம் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவள் வாசித்தாள்.

இதைச் சொன்னவுடன் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். நிலைமை மோசமாகியது. முன்பு பக்கம் பக்கமாக எழுதியவள் இப்போது அரைப்பக்கத்துக்கு மேல் எழுதமாட்டாமல் நின்றாள். ஒவ்வொரு வசனத்தையும் வெட்டினாள். அவள் பழகுவதற்காக எழுதிய விடை ஒன்றை அந்த இளம் விரிவுரையாளரிடம் திருத்தக் கொடுத்தேன். இந்தப் படிப்பு முறையில் அவருக்கு நம்பிக்கை இருந்தது, ஆனாலும் புள்ளியில் இரக்கம் காட்டவில்லை. சித்தி இல்லை.

அடுத்த நாள் அவளுடைய தகப்பன் வந்தார். சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தை இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ரீச்சர், பிள்ளை பாடமாக்கிறதை நிப்பாட்டிப்போட்டாள். கேட்டால் நீங்கள் சொன்னதாம்."

"ஓம் ஐயா, நான்தான் சொன்னனான்."

"அவளுக்கு இருந்த ஒரே பலம் உதுதான். அஞ்சாம் வகுப்பிலை இருந்து உப்பிடித்தான் படிச்சு வந்தவள். இப்ப சாப்பிடுறாளில்லை, நித்திரை இல்லை. நடந்ததெல்லாம் அவளே சொன்னவள். கள்ளி எண்டு சொல்லிக் கூப்பிட்டனீங்கள், இல்லையெண்டு விட்டனீங்கள். இப்ப அவளிட்டை இருந்ததையும் பறிச்சுப்போட்டியள்." மேசையடிக்கு வந்தார். "இதிலை அவள் பெயிலானால் நீங்கள் என்ன செய்வியள்?"

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "அப்படி நடக்காது" என்று சொல்வது சுலபம். ஆனால் நடக்காது என்று எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியாது ஐயா," என்றேன். "ஆனால் பாடமாக்கி எழுதினால் இந்த முறையும் புள்ளி வராது. அது மட்டும் தெரியும்."

"சரி. பொறுப்பு உங்கடை," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் மத்தியானம் சாப்பிடவில்லை. பழைய பழக்கத்தைப் பறிப்பது இலகு. புதியது ஊன்றுவதற்கு முன் பரீட்சை வந்துவிட்டால், இரண்டும் இல்லாத இடத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினவள் நான்தான்.

பரீட்சைக்குக் கிட்டடியில் தர்சினி வந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"மேடம், எனக்குப் பயமாய் இருக்கு. ஒரே ஒரு அதிகாரத்தை மட்டும் பாடமாக்கட்டோ? வேறை ஒண்டுக்குமில்லை. கையிலை ஏதாவது இருக்கெண்ட தைரியத்துக்கு."

பிடிவாதமாக மறுத்திருந்தால் என்னுடைய கொள்கை வென்றிருக்கும். ஆனால் பரீட்சை எழுதப்போவது என் கொள்கை அல்ல, அவள்.

"பாடமாக்கும். ஆனால் விளங்கினதை மட்டும்."



பரீட்சை நாளில் எனக்கு மேற்பார்வை இல்லை. இருந்தாலும் மண்டபப் பக்கமாக நடந்தேன். கேள்வித்தாள் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தர்சினி மட்டும் பேனையை மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது.

பாடமாக்கியதைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். கேள்வி அந்த அதிகாரத்தில் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். 'ஊழிய முறையால் நன்மையடைந்தோர் யார், இழந்தோர் யார்? ஆராய்க' என்று வந்திருந்தது. யன்னலடியில் நின்றுகொண்டிருக்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்ததால் நடந்துபோனேன். திரும்பி வந்தபோதும் அவள் எழுதவில்லை. மூன்றாவது தரம் வந்தபோது எழுதிக்கொண்டிருந்தாள், வெட்டிக்கொண்டும் இருந்தாள்.

வெளியே வந்தபோது கேட்டேன்: "முதல்லை ஏன் சும்மா இருந்தனீர்?"

"சும்மா இருக்கேல்லை, மேடம். கேள்வி என்ன கேக்குது எண்டு எனக்கு நானே சொல்லிப் பாத்தனான்."

"அந்தப் பாடமாக்கின அதிகாரம்?"

"அது வரேல்லை. வந்திருந்தாலும்..." என்று தொடங்கியவள் முடிக்காமல் தலையை ஆட்டினாள்.

விடைத்தாளைத் திருத்தியவர் அதே இளம் விரிவுரையாளர்தான். இரண்டாம் பரிசோதகரும் பார்த்துப் பெறுபேறு உறுதியான பின்னர் அவர் என் அறைக்கு வந்தார். இந்த முறை புத்தகம் கொண்டுவரவில்லை. நின்றபடியே விடைத்தாளில் ஒரு இடத்தை வாசித்துக் காட்டினார்:

'இந்த வேலையால் நாட்டில் ஒழுங்கு வந்தது என்று நூலாசிரியர் முடிக்கிறார். ஆனால் அவரே எடுத்துக் காட்டுகிற முறைப்பாடுகளில் சனங்கள் பயிர் அழிந்ததைச் சொல்கிறார்கள். ஒழுங்கு யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. ஆகவே அவருடைய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.'

'என்னால்' என்ற சொல்லை ஒருதரம் எழுதி வெட்டியிருந்தாள். பிறகு அதற்கு மேலே திரும்பவும் எழுதியிருந்தாள்.

சாதாரண சித்திதான். விடை நீளமில்லை, இரண்டு இடத்தில் வருடம் பிழை. ஆனால் சித்தி.

தர்சினி அன்றைக்கு வளாகத்தில்தான் நின்றாள். அவரும் நானும் சேர்ந்து இறங்கிப் போனோம். அவளைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். எதையோ சொல்ல ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்தது தெரிந்தது.

"பிள்ளை, அண்டைக்கு விசாரணையிலை நான் உம்மை..."

அவள் அவரை முடிக்க விடவில்லை. அவளுக்கு வேறொரு பயம் இருந்தது.

"சேர், புத்தகத்திலை சொன்னது சரியில்லையெண்டு நான் எழுதினது... அதுக்கு மார்க்ஸ் வெட்டினனீங்களோ?"

"இல்லை," என்றார் அவர். "அதுக்குத்தான் போட்டனான்."